இடுப்பைத் திருப்பணுமா, வேண்டாமா? மாஸ்டர் சொன்னதைப் பந்தை வைத்துச் சோதித்த ஆறு வாரம்

மூன்றாவது கோல்ஃப் வகுப்பு முடிந்து வந்த இரவு, மாஸ்டர் அதுவரை சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஐந்து வரி வந்தது.

இடக்கையை இன்னும் வலப்பக்கம் திருப்பிப் பிடிங்க.
இடுப்பைத் திருப்புங்க.
இடுப்பைத் திருப்பாதீங்க.
தலையைத் தூக்காதீங்க.
மணிக்கட்டை மடக்காதீங்க.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வாயிலிருந்து பத்து நாள் இடைவெளியில் வந்தவை. முதல் வரிப்படி பிடித்தால் கைக்குள் கிளப் (பந்தடிக்கும் மட்டை) யாருடையதோ போல இருந்தது. நான்காவது வரியைப் பின்பற்றிய நாளிலிருந்து வலது இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு. இவரை நம்பித் தொடர்வதா, நிறுத்திவிட்டு வேறு ஆள் பார்ப்பதா என்று அன்று தீர்மானிக்க முடியவில்லை. நம்புவதற்கும் காரணம் இருந்தது, விடுவதற்கும் காரணம் இருந்தது. அதனால் ஆறு வாரம் என்று கெடு வைத்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதன் பதிவு இது.

என் ஆட்டம் பற்றி முதலில். வலக்கை ஆட்டக்காரன். சென்னையில் ஒரு ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) இரண்டு வருடமாக அடிக்கிறேன். என் நோய் ஸ்லைஸ்: பந்து இடப்பக்கமாகக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறியதுபோல வலப்பக்கம் வளைந்து போகும். 7 அயர்ன் என்ற நடுத்தர தூரக் கிளப்பில் கொஞ்சம், மிக நீளமாக அடிக்கும் டிரைவர் கிளப்பில் பயங்கரம்.

மாஸ்டர் கேடியாக இருந்து வந்தவர். சிறு வயதில் பை தூக்க ஆரம்பித்து, மெம்பர்கள் கொடுத்த பழைய கிளப்களில் ஆடக் கற்றவர். இந்திய கோல்ஃபில் இது மரியாதைக்குரிய வழி. 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாகத் தொடங்கியவர்; அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். இப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கான சுவிங்குகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். என் மாஸ்டரும் பந்து கிளம்பும் முன்பே, கிளப் கீழே வரும்போதே "போச்சு" என்பார், போயிருக்கும். அந்தக் கண்ணை நான் சந்தேகிக்கவில்லை. அவர் சொல்லும் காரணங்கள்தான் என்னைக் குழப்பின.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் அளந்தது

ஹார்டுவேர் கடையில் அரை அங்குல பிவிசி குழாய் வாங்கி, நான்கு அடி நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டேன். ஒன்று பந்துக்கு வெளியே, குறியை நோக்கி. இன்னொன்று என் கால் விரல்களுக்கு முன்னால், அதற்கு இணையாக. இது இல்லாமல் அளப்பதில் அர்த்தமே இல்லை. ஸ்லைஸ் அடிப்பவர்கள் தம்மை அறியாமலே இடப்பக்கம் பார்த்து நிற்கத் தொடங்கிவிடுகிறோம்; அப்புறம் "இடப்பக்கம் கிளம்பியது" என்றால் எதிலிருந்து இடப்பக்கம்?

நோட்டில் ஒன்பது கட்டம் போட்டேன். மேலிருந்து கீழாக, பந்து எந்தப் பக்கம் கிளம்பியது: இடம், நேர், வலம். குறுக்காக, எந்தப் பக்கம் வளைந்தது: இடம், நேர், வலம். 7 அயர்னில் 20 பந்து. நன்றாகப் பட்டதா, தூரம் போனதா என்பதையெல்லாம் எழுதவில்லை. 13 பந்து "இடம் கிளம்பி வலம் வளைந்தது" கட்டத்தில் விழுந்தன. 4 வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் போயின. 3 மட்டும் நேர்.

டிரைவருக்கு இன்னொரு வேலையும் செய்தேன். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து அடித்தால், கிளப் முகத்தில், அதாவது பந்தில் படும் பக்கத்தில், எங்கே பட்டதோ அங்கே மை ஒட்டும். 15 பந்தில் 11 முறை மை ஹீல் பக்கம், அதாவது தண்டுக்கு நெருக்கமாக இருந்தது. டிரைவர் தலையின் எடை மையம் முகத்துக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. நடுவை விட்டு ஹீல் பக்கம் பட்டால் அந்த அடியே பந்துக்கு வலப்பக்கச் சுழற்சி கொடுக்கும். அப்படியென்றால் என் டிரைவர் ஸ்லைஸில் ஒரு பங்குக்கு சுவிங்கின் திசையோடு சம்பந்தமே இல்லை. இது தெரியாமல் டிரைவரை வைத்து மாஸ்டரின் பேச்சைச் சோதித்திருந்தால், சரியான அறிவுரைகூடத் தப்பாகத் தெரிந்திருக்கும். அதனால் டிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டேன். சோதனை முழுக்க 7 அயர்னில்.

கைபேசியில் வினாடிக்கு 240 படம் எடுத்தும் பார்த்தேன். இதில் ஒரு எச்சரிக்கை. கேமரா கை உயரத்தில், பந்துக்கும் கால் விரலுக்கும் நடுவே, குறியைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு அடி நகர்ந்தாலும் கிளப் வரும் வழி வேறாகத் தெரியும். என் முதல் வீடியோவில் நான் உள்ளிருந்து (உடம்புப் பக்கமிருந்து) வெளியே அடிப்பதுபோல அழகாகத் தெரிந்தது, காரணம் ஸ்டாண்டை வைத்த இடம் தப்பு. இன்னொன்று, என் 7 அயர்ன் மணிக்கு 76 மைல் வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கிளப் தலை 14 செ.மீ. நகர்ந்துவிடும். பந்து கிளப்பில் ஒட்டியிருப்பதோ ஏறக்குறைய 1/2000 வினாடி. ஆகவே அடிபடும் கணத்தில் முகம் எங்கே பார்த்தது என்பதைக் கைபேசி காட்டாது. எந்த மனிதக் கண்ணும் காட்டாது. பந்து போன வழிதான் அதற்குச் சாட்சி.

வேக அளவு எங்கே கிடைத்தது என்றால், அடியை அளந்து திரையில் காட்டும் ஒரு சிமுலேட்டர் கடையில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தேன். திரையில் வந்த சராசரி: கிளப் வரும் வழி இடப்பக்கம் 6 பாகை, முகம் இடப்பக்கம் 2 பாகை. கட்டங்கள் சொன்னதும் அதேதான்.

காரணத்தில் தவறு, மருந்தில் இல்லை

மாஸ்டர் சொன்ன விளக்கம் இது: "கிளப் போற வழியில பந்து கிளம்பும் சார். அப்புறம் முகம் பாக்குற பக்கம் வளையும்." பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். பந்தையும் கிளப்பையும் அளக்கும் ரேடார் கருவிகள் வந்த பிறகு இது தலைகீழானது. 2003-இல் தொடங்கிய டென்மார்க் நிறுவனமான டிராக்மேனின் கருவிகள் பரவியபின் எல்லோருக்கும் தெரிய வந்த விஷயம்: பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது, அயர்னில் சுமார் 75 சதவீதம், டிரைவரில் சுமார் 85. முகத்துக்கும் வழிக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் வளைவு.

இதை யாரும் நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம், பதினைந்து கஜ தூரத்தில் சோதிக்கலாம். ஒரு குழாயை நேராக வையுங்கள். இன்னொன்றை அதிலிருந்து வலப்பக்கம் நன்றாகச் சாய்த்து வையுங்கள். 7 அயர்னின் முகத்தைச் சாய்ந்த குழாயின் பக்கம் திறந்து பிடித்துக்கொண்டு, முதல் குழாயின் வழியிலேயே மெதுவாக அடியுங்கள். பந்து சாய்ந்த குழாயை ஒட்டியே கிளம்பும். பத்தில் பத்து முறையும் எனக்கு அப்படித்தான் வந்தது.

ஆக மாஸ்டரின் விதி தவறு. இங்கேதான் நான் அவரை விட்டுவிட இருந்தேன். ஆனால் யோசித்தபோது ஒன்று புரிந்தது. என் விஷயத்தில் அவருடைய தவறான விதியும் சரியான விதியும் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகின்றன: வழியை வலப்பக்கம் கொண்டுவா, முகத்தை அதோடு நெருக்கு. விதியை வைத்து அவரைத் தள்ளினால், கண்ணையும் சேர்த்துத் தள்ளியவனாகிவிடுவேன். சரி, மருந்தை மருந்தாகவே சோதிப்போம்.

இரண்டாம் வாரம்: பிடி

இடக்கையைத் திருப்பிப் பிடித்தேன். குனிந்து பார்த்தால் முன்பு ஒன்றரை விரல் முட்டி தெரியும், இப்போது மூன்று. முதல் நாள் பந்துகள் தாழ்வாக இடப்பக்கம் ஓடின, பக்கத்து மேட்டில் (பந்து வைத்து அடிக்கும் ரப்பர் விரிப்பில்) இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான்காம் நாள் 20 பந்து எண்ணினேன். 12 இடப்பக்கம் கிளம்பி வளையாமல் இடப்பக்கமே போயின. 5 லேசாக வலம் வளைந்தன. 3 இன்னும் இடம் வளைந்தன.

பார்ப்பதற்கு ஆட்டம் கெட்டுப்போன மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் ஒன்றுகூடக் குறியில் விழவில்லை. கட்டத்தில் பார்த்தால் பெரிய முன்னேற்றம்: வளைவு செத்துவிட்டது. முகமும் வழியும் ஒன்று சேர்ந்துவிட்டன, இரண்டும் சேர்ந்து தவறான பக்கம் போகின்றன, அவ்வளவுதான். நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் இந்த இடத்தில் பழைய பிடிக்குத் திரும்பி, "இவர் சொன்னதைக் கேட்டுக் கெட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லியிருப்பேன்.

பிடி விஷயத்தில் இன்னொரு குழப்பமும் எனக்கு இருந்தது. பழைய அமெரிக்க வீரர் பென் ஹோகன் மாதிரிப் பிடி, அவர்தான் எல்லோரையும்விடச் சுத்தமாக அடித்தவர் என்று ரேஞ்சில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஹோகன் ஆரம்ப காலத்தில் போராடியது ஹுக்கோடு, பந்து இடப்பக்கம் சுருண்டு போவதோடு. அதற்காக அவர் இடக்கையை இடப்பக்கம் திருப்பிக்கொண்டார். என் நோய் அதற்கு நேரெதிர். காய்ச்சல்காரனுக்கு எழுதிய சீட்டை வாத நோயாளி விழுங்குகிற கதை.

அந்த வார வகுப்பில்தான் இடுப்பைப் பற்றிக் கேட்டேன். கேள்வியைப் பழியாகக் கேட்காமல் இருக்க வீட்டிலேயே யோசித்துக்கொண்டு போனேன்.

"மாஸ்டர், முதல் வகுப்புல இடுப்பைத் திருப்பச் சொன்னீங்க. போன தடவை வேணாம்னு சொன்னீங்க. ரெண்டும் எந்தெந்தத் தப்புக்கு?"

அவர் என் கிளப்பை வாங்கி, என்னைப் போலவே நின்று காட்டினார். "அன்னிக்கு உங்க வெயிட்டு வலது கால்லயே நின்னுது. பந்துக்கு முன்னாடியே மேட்டுல இடிச்சீங்க. அதுக்குத் திருப்பச் சொன்னேன். இப்ப இடுப்பு தோளையும் இழுத்துக்கிட்டு முதல்லயே ஓடுது. கிளப் வெளியிலேர்ந்து வருது. அதுக்கு நிறுத்தச் சொன்னேன்."

"சரியாச் செஞ்சா பந்து என்ன பண்ணும்? ஜாஸ்தியாச் செஞ்சா என்ன பண்ணும்?"

"சரியாச் செஞ்சா இடப்பக்கம் போறது குறையும். ஜாஸ்தியாப் போனா நேரா வலப்பக்கம் போயிடும்."

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்குள் நம்பிக்கை வந்த இடம் இதுதான். பதில் சரியா என்பது அப்போது தெரியாது. ஆனால் அது ரேஞ்சில் போய்ப் பொய்யா மெய்யா என்று பார்க்கக்கூடிய பதில்.

மூன்றாம் வாரம்: மணிக்கட்டும் தலையும்

மணிக்கட்டை மடக்காமல் 20 பந்து அடித்தேன். தூரம் 135 கஜத்திலிருந்து 110-க்கு இறங்கியது. பெரும்பாலானவை வலப்பக்கம். மணிக்கட்டு விறைத்தால் முகம் மூட நேரம் கிடைக்காது, ஸ்லைஸ்காரனுக்கு இதைவிட மோசமான அறிவுரை இருக்க முடியாது. கொஞ்சம் கோபத்தோடுதான் வகுப்புக்குப் போனேன். கேட்டதும் மாஸ்டர் குழம்பினார். "சிப்பிங்குக்கு இல்ல சொன்னேன்?" நோட்டைப் புரட்டினேன். ஆமாம், இரண்டாம் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம், குழி இருக்கும் கிரீன் ஓரத்தில் சின்ன அடி பழகும்போது சொன்னது. முழு சுவிங்குக்கு எடுத்து வந்தது நான். அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எந்தக் கிளப், எந்த அடி, எந்தப் பந்துக்குப் பிறகு சொன்னார் என்று குறித்துக்கொள்கிறேன்.

தலை விஷயம் வேறு. பந்தின் மண்டையில் பட்டு உருண்டால் உடனே "தலையைத் தூக்கிட்டீங்க" என்பார். ரேஞ்சிலுள்ள எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மேட்டில் ஒரு சிக்கல், பந்துக்குப் பின்னால் இடித்தாலும் ரப்பர் கிளப்பைத் தள்ளிவிட்டு நல்ல அடியாகக் காட்டும். அதனால் பந்துக்கு நான்கு அங்குலம் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்தேன். இயல்பாக அடித்த 20-இல் 3 முறை துண்டில் பட்டது. தலையைக் குனிந்தே பிடித்துக்கொண்டு அடித்த 20-இல் 7 முறை. உருண்ட பந்துகளும் குறையவில்லை, கூடின. வீடியோவில் பார்த்தால் பந்து உருண்டபோது தலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வலது காலைவிட்டு எடை நகரவில்லை, கிளப்பின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்து, பந்தை அடையும்போது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. தலையை அடக்கினால் உடம்பும் அடங்கி, எடை இன்னும் பின்னால் தங்குகிறது. இடுப்புக்கு மேலே வந்த பிடிப்புக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதை விட்ட ஒரு வாரத்தில் பிடிப்பும் போய்விட்டது. உடம்பு வலிக்கிற அறிவுரையை மட்டும் ஆறு வாரம் சோதிக்காதீர்கள், அன்றே நிறுத்துங்கள்.

வீடியோவை மாஸ்டரிடம் காட்டினேன். இரண்டு முறை பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். அப்புறம், "எங்களுக்கு அப்படித்தான் சார் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். சிறிது நேரம் கழித்து, அடித்து முடிந்ததும் வலது காலை எடுத்து ஒரு அடி முன்னால் வைக்கும் பயிற்சியைத் தந்தார். துண்டில் படுவது 20-இல் 1 ஆனது. அந்த மதியம் அவர் மீது எனக்கு வந்த மரியாதை, அவருடைய எந்த அடியைப் பார்த்தும் வந்ததில்லை.

நான்காம் வாரம்: ஊட்டி

குடும்பத்தோடு ஊட்டி போனோம். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஜிம்கானா கிளப்பின் மைதானத்தில் ஆடக் கிடைத்தது. டிரைவரை எடுத்தேன். நீண்டு போனது, வலப்பக்க வளைவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தது. அங்கிருந்தே மாஸ்டருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். சென்னைக்கு வந்து அடித்தால் ஸ்லைஸ் பழையபடி அங்கேயே நிற்கிறது.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிது. பந்தைச் சுழற்சி வளைப்பது காற்றைப் பிடித்துத்தான். காற்று மெலிந்தால் வளைவும் மெலியும். நல்ல பெயர் கிடைக்க வேண்டியது மலைக்கு. சோதனை நாட்களில் இடம், பந்து, கிளப் மூன்றையும் மாற்றக் கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் அன்று எழுதினேன். ரேஞ்சிலும் தேய்ந்த பந்துகளை ஒதுக்கிவிட்டுத்தான் எண்ணுகிறேன்.

ஐந்து, ஆறு: வழி

மிச்சமிருந்தது இடுப்பு. "இடுப்பை நிறுத்து" என்று நினைத்து அடித்தால் எனக்கு எல்லாமே நின்றுவிடுகிறது. மாஸ்டரிடம் சொன்னேன். "இடுப்பை மறந்துடுங்க. அந்த மூணாவது கம்பத்தைப் பாத்து வீசுங்க" என்றார். ரேஞ்சின் வலப்பக்க வலையைத் தாங்கும் கம்பம் அது, குறியிலிருந்து இருபது பாகையாவது தள்ளி இருக்கும். அங்கே வீசினால் பந்து வலைக்கு வெளியே போகும் என்று பயந்தேன். போகவில்லை. உடம்பெல்லாம் கம்பத்தை நோக்கி எறிவதாக உணர்ந்தேன், வீடியோவில் கிளப் கிட்டத்தட்ட நேராகத்தான் வருகிறது. அவருடைய வார்த்தை நடக்கிற விஷயத்தின் வர்ணனை இல்லை, என்னை நகர்த்துவதற்கான ஒரு தள்ளு. அளவுகோலாக வைத்துப் பார்த்தால் தப்பு, தள்ளாக வைத்துப் பார்த்தால் சரி. அவருடைய பேச்சில் பாதிக் குழப்பம் எனக்கு இதனால்தான் வந்திருக்கிறது.

உடம்பை விட்டு வெளியே கவனம் வைக்கச் சொன்னதும் தற்செயலாக வேலை செய்ததல்ல. கேப்ரியல் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் கோல்ஃப் புதிதாகப் பழகுபவர்களை வைத்துச் சின்ன அடிகளில் சோதித்தார்கள். கையின் அசைவைக் கவனித்தவர்களைவிட, கிளப்பின் ஊசலைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். மாஸ்டருக்கு அந்த ஆய்வு தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அவர் சொன்ன எச்சரிக்கையும் பலித்தது. இரண்டாம் நாள் மிதமிஞ்சிப் போய் வரிசையாக ஆறு பந்து நேராக வலப்பக்கம் போயின. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. மூன்றாவது கம்பத்திலிருந்து இரண்டாவதற்கு வந்தேன், அடங்கியது.

ஆறாம் வாரம் 20 பந்து: 6 நேர், 9 கொஞ்சம் இடம் கிளம்பி லேசாக வலம் வளைந்து குறிக்குத் திரும்பியவை, 5 இடப்பக்கம் போனவை. சிமுலேட்டரில் வழி இடப்பக்கம் 2.5 பாகை, முகம் 1 பாகை.

தொடர்கிறேன். மாஸ்டரிடம் கேட்டுச் சம்மதத்தோடு ஒரு மாற்றம் செய்திருக்கிறோம்: ஒரு வகுப்பில் ஒரு வரி மட்டும், அதற்கு முன்பு சரியானால் பந்து எப்படிப் போகும், மிஞ்சினால் எப்படிப் போகும் என்று அவர் சொல்லிவிட வேண்டும். தனியாகப் பழகும்போது மட்டும் கிளம்பும் திசையை முகத்தின் கணக்கில் வைத்துக்கொள்கிறேன், அவருடைய பழைய விதியில் இல்லை. அந்த விதியை வைத்து நானே திருத்தப் போனால் ஒவ்வொரு இடப்பக்கப் பந்துக்கும் வழியை இன்னும் வலப்பக்கம் தள்ளி, கடைசியில் ஹுக்கில் போய் நிற்பேன். இரண்டு குழாய்ச் சோதனையை அவருக்கும் செய்து காட்டினேன். தானே நான்கு பந்து அடித்துப் பார்த்துவிட்டு, குழாயை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வேறு வெட்டிக்கொண்டேன்.

இனி டிரைவர். மை இன்னும் ஹீல் பக்கம்தான் படுகிறது, நேற்று 15-இல் 9. பந்துக்கு அந்தப் பக்கம் இரண்டு அங்குலம் தள்ளி ஒரு காலி அட்டைப் பெட்டியை வைத்து, அதில் படாமல் அடிப்பது சரியா, அல்லது பெட்டியை என் பக்கம் வைத்து அதில் படாமல் அடிப்பது சரியா என்று சனிக்கிழமை மாஸ்டரிடம் கேட்க வேண்டும். எனக்குத் தோன்றுவது முதலாவது. அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, இரண்டையும் 15 பந்து வீதம் எண்ணிப் பார்ப்பேன்.